பாய்லர் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கு, லீக் எங்கன்னு தெரியல: வாசகர் கேள்வி பதில்

வீட்டு ஹீட்டிங் (பாய்லர்ல சூடான தண்ணி பைப் வழியா ஒவ்வொரு ரூம் ரேடியேட்டருக்கும் போய் ரூமை சூடாக்குற சிஸ்டம்) ஓட ஆரம்பிச்சதும் இந்த பக்கத்துக்கு வர்ற கேள்வி எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிடுது, பிரஷர் இறங்குது, எங்கயோ ஒழுகுது, எங்கன்னு தெரியல. அதனால மத்த ரிப்பேர் கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த தடவை ஹீட்டிங் லீக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, எங்க பாய்லர்ல பிரஷர் முள்ளு ஒன்றரைல வச்சா ரெண்டு மூணு நாள்ல அரைக்கு கீழ வந்துடுது, அப்புறம் எர்ரர் காட்டி நின்னுடும். கீழ இருக்குற வால்வை திறந்து தண்ணி ஏத்தினா திரும்ப ஓடுது. வீட்ல எங்கயுமே ஈரம் இல்ல. "ஏத்தினா ஓடுதுல்ல, அப்புறம் என்ன"ன்னு வீட்டுக்காரர் சொல்றார். இப்படியே ஏத்திக்கிட்டு ஓட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: ஓட்ட கூடாதும்மா, தயவுசெஞ்சு இதை வீட்டுக்காரர்கிட்டயும் படிக்க குடுங்க. ஹீட்டிங் பைப்ல சுத்துறது சமையல்கட்டு குழாய்ல வர்ற மாதிரி வந்து போற தண்ணி இல்ல, முதல்ல நிரப்புன அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்துது. அந்த தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் ரேடியேட்டர் இரும்பை கொஞ்சம் துரு பிடிக்க வச்சிட்டு தீர்ந்துடும், தீர்ந்ததும் துரு பிடிக்கிறதும் கிட்டத்தட்ட நின்னு போயிடும், இரும்பு ரேடியேட்டர் பல வருஷம் தாங்குறதுக்கு காரணமே அதுதான். நீங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவை புது தண்ணி ஏத்தும்போது கூடவே புது ஆக்சிஜனும் உள்ள போகுது, துரு பிடிக்காம இருக்க கலந்து வச்சிருக்குற இன்ஹிபிட்டர் மருந்தும் ஒவ்வொரு தடவையும் நீர்த்துப் போகுது, உள்ள கருப்பு சேறு மாதிரி ஒண்ணு சேர்ந்து பம்பையும் பாய்லர் உள்ள இருக்குற ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (தீயோட சூட்டை தண்ணிக்கு கடத்துற பாகம்) அடைக்குது. இன்னைக்கு ஒரு ஓட்டை, அதுக்கு ஏத்துற தண்ணியே நாளைக்கு இன்னும் நாலு ஓட்டை போடும்.

இப்ப தேடுறதுக்கு வருவோம். முதல்ல ஒண்ணு, சூடா இருக்கும்போது பாத்த நம்பரையும் ஆறின பிறகு பாத்த நம்பரையும் வச்சு குழம்பிக்காதீங்க. தண்ணி பச்சைத் தண்ணி சூட்ல இருந்து 80 டிகிரி வரைக்கும் போனா கிட்டத்தட்ட 3 சதவீதம் பெருகும், 100 லிட்டர் தண்ணி இருக்குற வீட்ல அது 3 லிட்டர், அதனால சூட்டுல முள்ளு ஏறும், ஆறினா இறங்கும், அது லீக் இல்ல. காலைல பாய்லர் ஓடுறதுக்கு முன்னாடி, எல்லாம் ஆறி இருக்கும்போது மட்டும் முள்ளை பாத்து எழுதி வைங்க. பெரும்பாலான வீட்டு பாய்லருக்கு ஆறின நிலைல 1ல இருந்து 1.5 பார் (முள்ளு காட்டுற பிரஷர் அளவு) வரைக்கும் இருக்கணும்.

அடுத்து, சூடானதும் முள்ளு எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. கொஞ்சம் ஏறி நின்னா நல்லது. விறுவிறுன்னு 3 கிட்ட போகுதுன்னா உங்க பிரச்சனை பைப்ல இல்லாம கூட இருக்கலாம். பெருகுற தண்ணிக்கு இடம் குடுக்க எக்ஸ்பேன்ஷன் வெசல்னு ஒரு சிவப்பு டப்பா இருக்கும் (பல பாய்லர்ல உள்ளயே இருக்கும், வெளிய தெரியாது, கலரும் வேறயா இருக்கும்), அதுக்குள்ள நடுவுல ஒரு ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் காத்து, இன்னொரு பக்கம் தண்ணி. அந்த காத்து இறங்கி போச்சுன்னா பெருகுற தண்ணிக்கு இடம் இல்லாம பிரஷர் ஏறி, சேஃப்டி வால்வு 3 பார்ல திறந்து தண்ணியை வெளிய தள்ளிடும், ராத்திரி எல்லாம் ஆறினதும் தள்ளுன தண்ணி அளவுக்கு முள்ளு கீழ வந்து நிக்கும். வீட்ல ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஏன்னா தண்ணி போனது சுவருக்கு வெளிய. அந்த சேஃப்டி வால்வோட பைப் வழக்கமா வெளி சுவர்ல வளைஞ்சு நீட்டிக்கிட்டு இருக்கும், அதோட முனைல ஒரு பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டால தளர்வா மாட்டி ஒரு நாள் விட்டு பாருங்க, உள்ள தண்ணி சேர்ந்திருந்தா பாதி விடை கிடைச்சாச்சு. வேலை முடிஞ்சதும் கவரை எடுத்துடணும், அந்த வழியை அடைக்கவே கூடாது.

கவர் காஞ்சே இருந்தா அடுத்த வேலை சிஸ்டத்தை ரெண்டா பிரிக்கிறது. பாய்லருக்கு அடியில சூடான தண்ணி போற பைப்லயும் திரும்பி வர்ற பைப்லயும் பெரும்பாலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். ராத்திரி பாய்லரை ஆஃப் பண்ணி, நல்லா ஆறின பிறகு முள்ளை குறிச்சுட்டு அந்த ரெண்டு வால்வையும் மூடுங்க. காலைல பாருங்க. மூடியிருக்கும்போதே முள்ளு இறங்கி இருந்தா தண்ணி போறது பாய்லர் பக்கம். இறங்காம அப்படியே நின்னு, வால்வை திறந்த உடனே சடார்னு விழுந்தா தண்ணி போறது பைப் இல்ல ரேடியேட்டர் பக்கம். வால்வு மூடி இருக்கும்போது பாய்லரை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, ஒரு சீட்டு எழுதி பாய்லர் மேல ஒட்டிட்டு தூங்குங்க, வீட்ல வேற யாராவது ஆன் பண்ணிடுவாங்க. தண்ணி ஏத்துற வால்வும் நல்லா மூடி இருக்கான்னு பாத்துக்கணும், அது லேசா தண்ணியை உள்ள விட்டா கூட லீக் மறைஞ்சு போயிடும், முள்ளு இறங்கவே இறங்காது.

பாய்லர் பக்கம்னு தெரிஞ்சா அதோட உங்க வேலை முடிஞ்சது, கேஸ் பாய்லர் கவரை கழட்டுறது லைசன்ஸ் இருக்குற டெக்னீஷியன் வேலை, கவர் சரியா உக்காரலன்னா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும், அதுக்கு வாசனையும் கிடையாது. அவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க: கண்டன்சிங் பாய்லரா இருந்தா (எரியும்போது புகைல இருக்குற நீராவி தண்ணியாகி ஒரு டிரெயின் பைப் வழியா வெளிய போற வகை), ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆன பிறகும் அந்த டிரெயின் பைப்ல சொட்டு விழுதான்னு பாக்க சொல்லுங்க. எரியாத பாய்லர்ல புதுசா தண்ணி உண்டாக வழி இல்ல, சொட்டுதுன்னா அது பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டை வழியா வர்ற ஹீட்டிங் தண்ணிதான்.

கேள்வி: சார், கீழ் ரூம் சீலிங்ல பழுப்பா ஒரு கறை வந்து பெருசாகிட்டே போகுது. மேல பாத்ரூமும் இருக்கு, ரேடியேட்டர் பைப்பும் போகுது. எதை நோண்டுறது?

பதில்: இப்போதைக்கு எதையும் நோண்டாதீங்க, முதல்ல எந்த தண்ணின்னு கண்டுபிடிங்க. வீட்ல எல்லா குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டரை பாருங்க, ஓடுதுன்னா குடிநீர் பைப். குளிச்ச பிறகு மட்டும் கறை ஈரமாகுதுன்னா வேஸ்ட் தண்ணி பைப், இல்லன்னா டைல்ஸ் சந்து. மீட்டரும் ஓடல, குளிக்கலன்னாலும் ஈரம் வருது, பாய்லர் முள்ளும் இறங்குதுன்னா ஹீட்டிங்.

கறைக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நினைக்காதீங்க. தண்ணி பைப் மேலயே ஓடி, மரச்சட்டம் மேல ஓடி, எங்க பள்ளமோ அங்க வந்துதான் சொட்டும், ஓட்டை ரெண்டு மீட்டர் தள்ளி கூட இருக்கலாம். மேல் மாடில மரத்தரைன்னா கறைக்கு மேல இருக்குற பலகை ஒண்ணை மட்டும் எடுத்துட்டு டார்ச் அடிச்சு பாருங்க, பைப்ல நீர் ஓடுன கோடு, பச்சையா வெள்ளையா உப்பு பூத்த இடம், கருப்பா நனைஞ்ச மரம், இது எந்த பக்கம் போகுதோ அந்த பக்கமா அடுத்த பலகை. கார்ப்பெட்டோ பலகையோ போட்டப்ப அடிச்ச ஆணி பைப்ல இறங்கி இருக்கலாம், ஆணியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருந்து, அது துரு பிடிச்சு இத்துப் போன பிறகுதான் ஒழுக ஆரம்பிக்கும், அதனால "வேலை பாத்து வருஷக்கணக்கு ஆச்சு, ஆணியா இருக்காது"ன்னு தள்ளிடாதீங்க.

சீலிங் வீங்கி தொங்குச்சுன்னா தேடுறதை விட்டுட்டு முதல்ல அந்த ரூம் லைட் சர்க்யூட்டை ஆஃப் பண்ணுங்க, கீழ வாளி வச்சு வீக்கத்துல ஸ்க்ரூ டிரைவரால ஒரு சின்ன ஓட்டை போட்டு தண்ணியை இறக்கிடுங்க. இல்லன்னா சீலிங் மொத்தமா தலைல விழும்.

கேள்வி: பைப் எல்லாம் கான்கிரீட் தரைக்குள்ள போகுது. வால்வு டெஸ்ட்ல பைப் பக்கம்தான்னு தெரிஞ்சிடுச்சு. வந்த பிளம்பர் ஹால் தரை முழுக்க உடைக்கணும்னு சொல்றார். வேற வழியே இல்லையா அண்ணா?

பதில்: இருக்கு தம்பி, உடைக்க விடாதீங்க. இடத்தை குறிக்காம சுத்தியலை தூக்குறவரை எனக்கு பிடிக்கிறதே இல்ல, உங்க வீடு அது.

முதல் வழி இன்னும் பிரிச்சு பாக்குறது. பல வீட்ல மேல் மாடிக்கு ஒரு ஜோடி பைப்பும் கீழ் தளத்துக்கு ஒரு ஜோடியும் போகும், அதை பிரிச்சு ஒவ்வொண்ணையும் மூடி தனித்தனியா பிரஷர் வச்சு பாத்தா எந்த பாதின்னு தெரியும், அந்த பாதிக்குள்ள திரும்ப பிரிக்கலாம். தரைக்கு அடியில பைப் வளைச்சு வளைச்சு போட்டிருக்குற அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்னா இது இன்னும் சுலபம், மேனிஃபோல்டுல (எல்லா பைப்பும் பிரியிற இடம்) ஒவ்வொரு லூப்புக்கும் போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணு வால்வு இருக்கும், ஒரு லூப்பை ரெண்டு பக்கமும் மூடிட்டு முள்ளு நிக்குதான்னு பாக்கணும், எந்த லூப்பை மூடினா நிக்குதோ அதுதான்.

ரெண்டாவது வழி தெர்மல் கேமரா. தரை முழுக்க ஆறுற வரைக்கும் ஹீட்டிங்கை நிறுத்தி வச்சு, அப்புறம் ஆன் பண்ணி ஆரம்பத்துலயே பாக்கணும். பைப் போற வழி கோடா தெரியும், லீக் இருக்குற இடத்துல கோடு கலைஞ்சு திட்டா விரியும். ரொம்ப நேரம் ஓட விட்டு பாத்தா தரை மொத்தமும் ஒரே சூடாகி ஒண்ணும் தெரியாது. கேமரா இல்லன்னா வெறுங்காலால நடந்து பாருங்க, பைப் போகாத இடத்துல கதகதப்பா ஒரு திட்டு இருந்தா சாக்பீஸால வட்டம் போட்டு வைங்க.

மூணாவதுதான் ரொம்ப நுணுக்கமானது, டிரேசர் கேஸ். பைப்ல இருக்குற தண்ணியை வடிச்சுட்டு 5 சதவீதம் ஹைட்ரஜன் 95 சதவீதம் நைட்ரஜன் கலந்த கேஸை உள்ள அடைப்பாங்க, அந்த அளவுல கலந்தா அது தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் ரொம்ப சின்ன மூலக்கூறு, ஓட்டை வழியா வெளிய வந்து கான்கிரீட் வழியா, டைல்ஸ் சந்து வழியா மேல ஏறிடும், மேல சென்சார் வச்சு மோப்பம் பிடிச்சுக்கிட்டே போவாங்க. தண்ணி ஒழுகுற சத்தத்தை மைக் வச்சு கேக்குறதும் உண்டு, ஆனா ரொம்ப மெதுவா கசியிற லீக்குக்கு சத்தமே இருக்காது, அதுக்கு கேஸ்தான் சரி. இந்த வேலைக்குன்னே தனியா ஆட்கள் இருக்காங்க, பிளம்பர் எல்லார்கிட்டயும் இந்த மெஷின் இருக்காது.

இடம் தெரிஞ்ச பிறகும் ஒரு கேள்வி இருக்கு, உடைச்சு அந்த இடத்தை ஒட்டுறதா, இல்ல அந்த பைப்பையே கைவிட்டுட்டு சுவர் ஓரமா ஸ்கர்ட்டிங் மேல புது பைப் இழுக்குறதா. கான்கிரீட்ல உறை இல்லாம புதைச்ச பழைய பைப்ல ஒரு இடம் போயிடுச்சுன்னா மத்த இடமும் அதே நிலைமைலதான் இருக்கும்னு நான் நினைக்கிறேன், அதனால என் ஓட்டு புது பைப்புக்கு. பாக்க அவ்வளவு அழகா இருக்காதுதான். ஆனா அடுத்த தடவை ஒழுகினா கண்ணுக்கு தெரியும்.

கேள்வி: ரேடியேட்டர் வால்வு கிட்ட தினமும் சொட்டுது, கீழ துணி போட்டு வச்சிருக்கேன். நானே முடுக்கலாமா? – வாசகி

பதில்: முடுக்கலாம், ஆனா எதை முடுக்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அங்க ஒழுகுற இடம் ஒண்ணு இல்ல, நாலு. எல்லாத்தையும் நல்லா துடைச்சு காய வச்சு டிஷ்யூ பேப்பரை துண்டு துண்டா ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியா சுத்துங்க: திருகுற தண்டு வெளிய வர்ற இடம், வால்வும் ரேடியேட்டரும் சேர்ற நட், வால்வும் பைப்பும் சேர்ற நட், ரேடியேட்டர் உடம்போட அடி விளிம்பு. தண்ணி கீழதான் இறங்கும், அதனால நனைஞ்ச பேப்பர்ல எது மேல இருக்கோ அதுதான் ஆள்.

தண்டு பக்கம்னா அதை சுத்தி இருக்குற சின்ன நட்டை ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்கு மட்டும் முடுக்கி பாருங்க, நிக்கலன்னா இன்னும் ஒரு எட்டுல ஒண்ணு. பெரிய நட்டுன்னா வால்வு உடம்பை ஒரு ஸ்பேனரால அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொரு ஸ்பேனரால கால் சுத்து, அவ்வளவுதான். ஒரு கையால மட்டும் பலமா இழுத்தா வால்வோட சேர்ந்து பைப்பே முறுக்கும், தரைக்கு அடியில இருக்குற நல்ல ஜாயின்ட் விட்டுப் போகும். பைப் பக்க நட்டுக்குள்ள வழக்கமா ஒரு பித்தளை ரிங்தான் நசுங்கி தண்ணியை அடைக்குது, அதை அளவுக்கு மேல நசுக்கினா அப்புறம் எவ்வளவு முடுக்கினாலும் நிக்காது.

ரேடியேட்டர் அடி விளிம்புல இருந்து வருதுன்னா உள்ள இருந்து துரு தின்னு வெளிய வந்திருக்கு. ரெண்டு பக்க வால்வையும் மூடிட்டா அந்த ஒரு ரேடியேட்டர் மட்டும் நிக்கும், மத்த ரூமுக்கு ஹீட் போய்க்கிட்டே இருக்கும், நிதானமா புதுசு வாங்கி மாத்தலாம். ஒரு பக்க வால்வுல கைப்பிடிக்கு பதிலா வெறும் மூடி இருக்கும், அந்த ரூமுக்கு போற தண்ணி அளவை சரி பண்ணி வச்சிருக்குறது அதுதான், அதை அடைக்கும்போது எத்தனை சுத்து சுத்துனீங்கன்னு எண்ணி எழுதி வைங்க, திரும்ப அதே அளவு திறக்கணும், இல்லன்னா ஒரு ரூம் கொதிக்கும் ஒரு ரூம் ஆறிக் கிடக்கும்.

கேள்வி: காப்பர் பைப்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை. எம்-சீல் மாதிரி எதையாவது வச்சு அடைச்சா நிக்குமா? நானே பைப்பை வெட்டி ஒட்டலாமா?

பதில்: எபாக்ஸி, ஒட்டிக்கிற சிலிக்கான் டேப், ரப்பர் வச்ச கிளாம்ப் எல்லாம் ராத்திரி பொழுதை கழிக்கத்தான், அதுலயும் கிளாம்ப்தான் கொஞ்சம் நம்பலாம். ஹீட்டிங் பைப் தினமும் சூடாகி நீளுது, ஆறி சுருங்குது, 10 மீட்டர் காப்பர் பைப் 50 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும், மேல அப்புன பசை அந்த இழுப்புக்கு எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க. அந்த துண்டை வெட்டி எடுத்துட்டு புது துண்டு வைக்கிறதுதான் ரிப்பேர்.

கை பழக்கம் இருந்தா நீங்களே செய்யலாம். பாய்லரை கரண்ட்லயே ஆஃப் பண்ணி, ஆற விட்டு, ரொம்ப கீழ இருக்குற டிரெயின் காக்ல ஹோஸ் மாட்டி வடிங்க, மேல் மாடி ரேடியேட்டர் ஏர் வென்ட்டை திறந்தாதான் தண்ணி முழுசா இறங்கும். வர்ற தண்ணி கருப்பா இருக்கும், கார்ப்பெட்ல பட்டா கறை போகவே போகாது, பழைய துணி நிறைய வச்சுக்கோங்க. ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் பைப் பளபளன்னு நல்லா இருக்குற இடம் வரைக்கும் போய் வெட்டுங்க, ஓட்டையை ஒட்டி வெட்டினா பக்கத்துலயே மெலிஞ்ச இடம் இருக்கும். வெட்டின விளிம்புல இருக்குற பிசிரை உள்ளயும் வெளியயும் எடுக்கணும். பைப்போட வெளி அளவை கேலிப்பர் வச்சு அளந்துட்டு கடைக்கு போங்க, பழைய இன்ச் பைப்பும் மில்லிமீட்டர் பைப்பும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஃபிட்டிங் சேராது.

பத்த வைக்கிறதா இருந்தா பைப்ல ஒரு சொட்டு தண்ணி கூட நிக்க கூடாது. ஈயம் கலக்காத சால்டர் உருக 220 டிகிரிக்கு மேல வேணும், தண்ணி இருக்குற வரைக்கும் பைப் 100 டிகிரியை தாண்டாது, நீங்க எவ்வளவு நேரம் பர்னர் காட்டினாலும் ஒட்டாது. மரத்தரைக்கு அடியில நெருப்பு வைக்கிறது எனக்கு சம்மதம் இல்ல, புகைஞ்சு புகைஞ்சு நீங்க போன பிறகு பத்திக்கும். நெருப்பு பழக்கம் இல்லாதவங்க கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (நட்டை முடுக்கினா உள்ள ரிங் நசுங்கி அடைக்கிற ஜாயின்ட்) போடுங்க, ரெண்டு ஸ்பேனர் போதும், ஆனா எப்ப வேணும்னாலும் திறந்து பாக்குற இடத்துல இருக்கணும், கான்கிரீட்ல புதைச்சு மூடிடாதீங்க. பிளாஸ்டிக் பைப்புன்னா முனைக்குள்ள போடுற சின்ன இன்செர்ட்டை மறக்காதீங்க, அது இல்லன்னா சூட்டுல பைப் வாய் அமுங்கி ஒழுகும்.

கேள்வி: லீக் சீலர்னு ஒரு லிக்விட் ஊத்தினா தானா அடைஞ்சிடும்னு சொல்றாங்க. நல்லதா?

பதில்: கண்ணுக்கு தெரியாம கசியிற லீக், எந்த வழியிலயும் கண்டுபிடிக்க முடியல, அப்பன்னா கடைசியா ஒரு தடவை. அதுவும் உங்க பாய்லர் மேனுவல்ல தடை இல்லன்னா மட்டும். சொட்டு சொட்டா விழுற ஓட்டையை அது அடைக்காது, தானா காத்து விடுற வென்ட்லயும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோட சின்ன சின்ன வழிலயும் போய் ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. தேடுற வேலையை தட்டிக்கழிக்க ஊத்தாதீங்க.

கேள்வி: எங்க வீட்ல பிரஷர் கேஜே இல்ல சார், பரண்ல சின்ன டேங்க் இருக்கு. லீக் இருக்கான்னு எப்படி பாக்குறது?

பதில்: அது பழைய திறந்த சிஸ்டம், அதுல லீக் வருஷக்கணக்கா தெரியாமலே போகும், ஏன்னா டேங்க்ல இருக்குற மிதவை வால்வு போன தண்ணியை அப்பப்ப நிரப்பிடுது, நீங்க கேள்வி கேக்குறது ரொம்ப நல்லது. ஹீட்டிங் ஆஃப்ல ஆறி இருக்கும்போது மிதவையை ஒரு குச்சில மேல தூக்கி கட்டிட்டு தண்ணி மட்டத்தை பென்சிலால கோடு போட்டு வைங்க. காலைல மட்டம் கோட்டுக்கு கீழ போயிருந்தா லீக் இருக்கு. பாத்து முடிச்சதும் கட்டை அவுத்துடுங்க. டேங்க் அடியில கருப்பா, செம்மண் கலர்ல சேறு படிஞ்சிருந்தா அதுவும் ரொம்ப நாளா புது தண்ணி உள்ள போய்க்கிட்டு இருக்கலாம்னு சொல்லுது.

கேள்வி: லீக்கை பிடிச்சு சரி பண்ணியாச்சு அண்ணா, ஆனா முள்ளு இன்னும் லேசா இறங்குது. வேற இடத்துலயும் ஓட்டையா?

பதில்: பயப்படாதீங்க, பெரும்பாலும் காத்துதான். புதுசா நிரப்புன தண்ணி சூடாகும்போது கரைஞ்சிருந்த காத்து குமிழியா பிரிஞ்சு மேல் ரேடியேட்டர்ல சேரும், இல்ல ஆட்டோ வென்ட் வழியா வெளிய போகும், போன காத்து அளவுக்கு முள்ளு இறங்கும். பம்பை நிறுத்திட்டு கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு ரேடியேட்டரா காத்தை எடுங்க, 1.5 வரைக்கும் ஏத்துங்க, இந்த ஏத்துறது தப்பில்ல. முதல் வாரத்துல ரெண்டு மூணு தடவை இப்படி ஆகும், ஒவ்வொரு தடவையும் இறங்குற அளவு குறைஞ்சுக்கிட்டே வந்து நின்னுடும். குறையாம அதே வேகத்துல இறங்கினா மட்டும் திரும்ப வால்வு டெஸ்ட்ல இருந்து ஆரம்பிங்க.

புது ஜாயின்டை மூணு தடவை பேப்பர் வச்சு பாத்துட்டுதான் தரையை மூடணும்: ஆறி இருக்கும்போது, முழு சூட்ல, திரும்ப ஆறின பிறகு. சூட்டுல பைப் நீளும்போது சில ஜாயின்ட் இறுகி நின்னுடும், ராத்திரி ஆறி சுருங்கும்போதுதான் வாய் திறக்கும், சூட்டுல ஒழுகினாலும் அந்த சொட்டு அங்கயே ஆவியாகிடும், அதனால சூட்ல மட்டும் பாத்துட்டு பலகையை அடிச்சிடாதீங்க. தண்ணியை வடிச்சப்ப இன்ஹிபிட்டரும் சேர்ந்து போயிடுச்சு, உங்க சிஸ்டத்துல எத்தனை லிட்டர் தண்ணி இருக்குன்னு கணக்கு பாத்து பாட்டில்ல போட்டிருக்குற அளவுக்கு புதுசா ஊத்துங்க, ஊத்துன தேதியை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பாய்லர் பக்கத்துல ஒட்டி வச்சா அடுத்து வர்ற டெக்னீஷியனுக்கும் உதவும்.